ரேஸ் நிக்காத வண்டி

லோகு இல்லீங்க தம்பி. அவங்கக்காவக் கூட்டிட்டு தாராபுரம் போயிருக்கறான். அவங்கக்கான்னா ஆரு, என்ற சம்சாரந்தான், வசந்தாமணி. லோகநாதன் எனக்கு மச்சினன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில டோக்கன் போடப் போயிருக்கறாங்க. டோக்கன் ஆருக்குன்னா எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமல்ல? கேக்கல. இப்பெல்லாம் இந்த ஊட்ல எதுவும் எங்கிட்டக் கேட்டு நடக்கறதில்லீங்க.

நிக்காதீங்க, உக்காருங்க. அந்த டோசரு செயின் மேலயே உக்காருங்க. வண்டி ரெண்டு மூணு நாளா சும்மாதான் நிக்குது, சூடிருக்காது.

மூலனூருங்களா? மேட்ட வெட்டிப் பள்ளத்த நெரவோணும், அவ்வளவுதான? அதெல்லாம் இந்த வண்டிக்கு ஒரு வேலையே இல்லீங்க. குண்டடத்துலயிருந்து உங்க ஊரு வரைக்கும் மட்டமா ஒரு காடு கண்ணுல பட்டா, அது பாதிக்குப் பாதி நான் நெரவுனதாத்தான் இருக்கும்.

என்னுங்? ரேஸ் நிக்காத வண்டியா? ஆரு சொன்னது உங்களுக்கு? டீக்கடைலயா? ஓஹோ. ஊரே பேசுதாக்கும். அப்ப இந்தச் சென்னியப்பனுக்கு, அதான் எனக்கு, என்ன ஆச்சுன்னும் சொல்லியிருப்பாங்களே? சொல்லலியா? அதை மட்டும் சொல்ல மாட்டாங்க. சரி, நீங்க கேட்டுப்போட்டீங்க. இனி முழுசாக் கேட்டுட்டுத்தான் போகோணும்.

உங்களுக்கு என்ன வண்டி ஓட்டத் தெரியும்? பைக்கு, காரு. சரி. பைக்குல முறுக்குனா ரேஸ் ஏறும். கார்ல மிதிச்சா ஏறும். இது அப்பிடியே தலைகீழுங்க. இங்க பாருங்க, இந்தக் கைலிவரு, கையால இழுக்கற லிவரு. இதை ஒருக்கா இழுத்து வெச்சுட்டீங்கன்னா வண்டி ஃபுல் ரேஸ்ல நிக்கும். நாள் முச்சூடும் நிக்கும். கீழ சோத்தாங்கால் பக்கம் ஒரு பெடல் தெரியுதுங்களா? அதை மிதிச்சா ரேஸ் எறங்கும். காலை எடுத்தா மறுபடியும் ஏறிக்கும். திருப்பறப்ப, கல்லு மேல ஏறி எறங்கறப்ப, முன்னால ஆளு நிக்கறப்ப சித்த மிதிச்சுக் கொறைச்சுக்கோணும். மத்த நேரத்துல கால் அது மேல படவே கூடாது.

புதுசா ஏர்றவன் எல்லாம் இதுலதானுங்க மாட்டுவான். மண்ணு எச்சாச் சேந்து வண்டி இழுக்காம முக்கும். அவன் கார் ஓட்டுன பழக்கத்துல அந்தப் பெடலப் போட்டு மிதிப்பான். மிதிக்க மிதிக்க வண்டி சாகும். சாகச் சாக இவன் இன்னும் மிதிப்பான். நான் எத்தன பேர அதுக்குத் திட்டியிருப்பன்! "ஏண்டா, கால் உன்ற காலா, இல்ல கடனுக்கு வாங்கிட்டு வந்தியா"ன்னு கேப்பன்.

சிரிக்காதீங்க. கேளுங்க.

வண்டி வாங்குனதுலயிருந்து சீட்டுல நான், கீழ லோகு. எங்க தொழில்ல அதுதானுங்க முறை. மேல உக்காந்திருக்கறவனுக்கு முன்னால இருக்கற, மண்ணு தள்ற தகடுக்கு அக்கட்ட என்ன இருக்குதுன்னு தெரியாது. பள்ளமா, பாறையா, கெணறா, ஒண்ணுந் தெரியாது. கீழ நிக்கறவன் கை காட்டோணும். கைய விரிச்சு ஆட்டுனா வா. கைய மடக்கிப் புடிச்சா நில்லு. அவன் காட்ற கைதான் எனக்குக் கண்ணு. லோகு கைய விரிச்சான்னா நான் எதையும் யோசிச்சதில்லீங்க தம்பி, அவன் சொன்ன பக்கம் வண்டிய உட்ருவன். அப்பிடி ஒருத்தன நம்பிப்போட்டு, அவனே கழுத்தறுத்தான்னா எப்பிடியிருக்கும்?

போன சித்திரைல ஆரம்பிச்சதுங்க. கொளத்துப்பாளையத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரு காடு. வெடியால நேரமே வண்டிய எடுத்தன். நல்லா ஓடுச்சு. வெயில் ஏறி வர்ற நேரத்துக்கு, கைலிவரு ஃபுல்லுல நிக்குது, எஞ்சின் மட்டும் மெதுவா எறங்குது. கொர்ர்ருன்னு எறங்குது. ஆரோ தொண்டையப் புடிச்சு நெரிக்கறாப்பல. லிவர இழுத்துப் பாக்கறன், அது இழுத்த எடத்துலயேதான் இருக்குது. சரி, கீழ எறங்கிப் பாக்கலாம்னு கிளச்சை இழுத்து உட்டுப்போட்டு சீட்டை உட்டு எந்திரிச்சன். வண்டி விர்ருனு ஏறிக்குது! நான் எறங்குனா ஏறுது. ஏறி உக்காந்தா சித்த நேரத்துல எறங்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லீங்க. ஒரு இரும்பு கூடவா என்னப் பாத்து இளிக்கும்?

டீசல் கட்டுன்னுதான் மொதல்ல நெனச்சன். ஃபில்டரக் கழட்டுனன். கருப்பா இருந்துச்சு, மாத்துனன். ரெண்டு நாளுக்கு நல்லா ஓடுச்சு, மறுபடியும் எறங்குச்சு. சரி, லைன்ல காத்துப் புடிச்சிருக்கும்னு பம்புல இருக்கற ஸ்குருவ லூசு பண்ணி, கையால பம்பு அடிச்சு, நொரை போயி வெறும் டீசலா வர்ற வரைக்கும் காத்தெடுத்தன். மறுபடியும் அதே கதை. டேங்க்கு மூடில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கும், அது அடைச்சுக்கிட்டா உள்ள காத்துப் போகாம டீசல் எறங்காது. பாத்தா, குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்குது! "மாப்ள, புடிச்சுப்போட்டண்டா, குளவிதாண்டா திருடன்"னு கத்துனன். லோகுவும் சிரிச்சான். அன்னிக்குப் பொழுதோட மறுபடியும் எறங்கிப்போச்சு.

அப்பறம் காத்து ஃபில்டரு. அப்பறம் டீசல் பைப்பு பூராவும் புதுசு. அப்பறம் பம்பையே கழட்டி தாராபுரத்துல பம்புக் கடைக்குக் கொண்டு போனன். அங்க மிசின்ல மாட்டி ஓட்டிப் பாத்துப்போட்டு, பம்பு நல்லாருக்குதுன்னுட்டாங்க. நல்லாருக்குதுன்னு சொல்றதுக்கா நான் தூக்கிட்டுப் போனன்?

இதுல ஒரு விசயம். லோகு ஏறி ஓட்டுனா ரேஸ் எறங்காது.

அதத்தானுங்க நீங்களும் யோசிக்கறீங்க. நானும் யோசிச்சன். நான் ஓட்டுனா எறங்குது, அவன் ஓட்டுனா நிக்குது. அப்ப என்ன அர்த்தம்? அவன் என்னமோ பண்றான்னுதான அர்த்தம்? நான் சோறு திங்கப் போற நேரத்துல எதையோ திருகி வெக்கறான். சீட்டு மேல அவனுக்கு ஆசை வந்துருச்சு. எத்தன நாளைக்குத்தான் வெயில்ல நின்னு கை காட்டுவான்? நான் வசந்தாமணிகிட்டயே சொன்னன். "உன்ற தம்பி எனக்குக் குழி பறிக்கறான்"னு. அவ என்ற காலையே பாத்துட்டிருந்தா.

காலப் பாத்துட்டு இருந்தாள்னா, அதுக்கு மொத வாரந்தான் காலுல ஒரு முள்ளு இருந்துச்சுங்க. கருவேல முள்ளு. அவதான் பாத்தா. நான் காலை நீட்டிப் படுத்திருந்தன், "ஏனுங், உள்ளங்கால்ல என்னதுங்க"ன்னு கேட்டுட்டு, பின்னூசிய வெச்சு நோண்டி எடுத்தா. இத்தன நீளம் இருந்துச்சு, சுத்தியும் சீழு. "இது எப்ப ஏறுச்சு? உங்களுக்கு வலிக்கவே இல்லியா? கால டாக்டருகிட்டக் காட்டுங்க"ன்னா. முள்ளத்தான் எடுத்தாச்சே, அப்பறம் டாக்டரு என்னத்த எடுப்பான்? நாம வலியத் தாங்கறவனுங்க. சின்ன வயசுலயிருந்து இரும்போடயே கெடந்தவன். சைலன்சர்ல பட்டு கணுக்கால் வெந்ததையே நான் மறுநா தோல் உரியறப்பதான் பாத்தன். பொம்பளைங்க ஒரு முள்ளுக்கு ஊரைக் கூட்டுவாங்க.

சக்கரையா? கொஞ்சம் இருக்குதுங்க. ஆருக்குத்தான் இல்ல?

அப்பறம் அயூப் பாயக் கூட்டிட்டு வந்தன். தாராபுரத்துல டீசல் வண்டின்னா அவருதான். அவரு வந்து, பம்புல ரேஸைச் சீரா வெக்கற கவர்னரத் தொறந்து பாத்தாரு, உள்ள ஸ்பிரிங்கு, வெயிட்டு எல்லாஞ் சரியாருக்குதுன்னாரு. கைலிவரு அடில ஒரு வாசரு தேஞ்சிருந்துச்சு. நாந்தான் அதைக் கண்டுபுடிச்சன், பாய் இல்ல. லாரி டியூப்புல ரவுண்டா வெட்டி நானே ஒரு வாசரு போட்டன். லிவரு அதுக்கப்பறம் கல்லாட்ட நின்னுச்சு. "இப்ப ஓட்டுங்கண்ணா, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறன்"னாரு பாய். ஏறி இந்த மட்கார்டு மேல உக்காந்துக்கிட்டாரு.

நான் பாட்டுக்கு ஓட்டுனன். பாய் எஞ்சினப் பாப்பாருன்னு பாத்தா, கீழயே பாத்துட்டு வர்றாரு. ரேஸ் எறங்குச்சு. "எறங்குது பாத்தீங்களா பாய்"னன். அவரு எங்காலத் தொட்டாரு. தொட்டு நகத்துனாரு. ரேஸ் ஏறுச்சு. "ஷூ போட்டு ஓட்டுங்கண்ணா, இந்த ரப்பர் செருப்பு வேண்டாம். காலை இப்பிடித் தள்ளி வெச்சுக்கங்க"ன்னாரு. நான் சொன்னன், "ஏன் பாய், ரேஸ் எறங்குதுன்னு கூட்டிட்டு வந்தா செருப்பு வியாபாரம் பண்றீங்க"ன்னு. அவரு சிரிக்கவே இல்ல. எறங்கிப் போயி அந்த வேப்பமரத்தடில லோகுவோட பழமை பேசிட்டிருந்தாரு. அந்நேரம் பாத்து வசந்தாமணி சோத்துப் போசியோட வந்தா. அவளும் போய் நின்னுக்கிட்டா. மூணு பேரும் பேசறாங்க, பேசறாங்க, அப்பிடிப் பேசறாங்க. நான் கிட்டப் போனதும் பேச்சு நின்னு போச்சு.

"என்னுங் பாய், என்ன பண்ணலாம்?"னு கேட்டன்.

"உங்க வாசரே போதுங்கண்ணா. நாளைக்கு வந்து ஒரு சின்ன வேலை இருக்குது, முடிச்சுட்டு வண்டியக் குடுத்தர்றன்"னாரு.

மறுநா நான் ஒரு சாவுக்குப் போயிருந்தன். வந்து பாத்தா பாய் போயிட்டாரு. அடுத்த நா ஏறி உக்காந்து எடுத்தன். தம்பி, என்னத்தச் சொல்லுவன்! நின்னுச்சுங்க! காலைல புடிச்சுப் பொழுது எறங்கற வரைக்கும் ஒரே சீரா, ஒரே சத்தமா, புது வண்டியாட்ட நின்னுச்சு. எனக்குத் தலைகால் புரியல. பாக்கறவங்க கிட்டயெல்லாம் சொன்னன். "பம்புக் கடைக்காரனுக்குத் தெரியல, மெக்கானிக்குக்குத் தெரியல, ஒரு துண்டு லாரி டியூப்புங்க, நான் வெட்டுனது"ன்னு. லோகு "ஆமா மச்சா, நீங்க பெரிய ஆளு மச்சா"ங்கறான். வசந்தாமணி நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சா. அந்த மாசம் பூராவும் அவ என்னத் திட்டவே இல்லீங்க. அப்பவாவது நான் சந்தேகப்பட்டிருக்கோணும்.

லோகு மேல பட்ட சந்தேகத்தக் கூட நான் அன்னிக்கே கழுவிப்போட்டன். "மாப்ள, உன்னப் போயித் தப்பா நெனச்சண்டா, மனசுல வெச்சுக்காத"ன்னு தோள்ல கை போட்டுச் சொன்னன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். நான் அதை மரியாதைன்னு நெனச்சுக்கிட்டன், பாருங்க.

ஒரு விசயம் இப்பத் தோணுது. அந்த நாள்ல எல்லாம் லோகு முன்னால நிக்கறப்ப ரொம்பத் தள்ளியே நிப்பான். முந்தி எல்லாம் தகடு காலுக்கு வர்ற வரைக்கும் அசைய மாட்டான். இப்பத் தூரத்துலயே கைய மடக்கி நில்லுங்கறான். "ஏண்டா, பொண்டாட்டி வந்ததும் உசுரு மேல ஆசை வந்துருச்சா"ன்னு கேலி பண்ணுவன். அவனும் சிரிச்சு வெப்பான்.

ஆடி மாசத்துல ஒரு நாளு. சங்கரண்டாம்பாளையத்துல ஒரு தூந்துபோன கெணத்த மூடற வேலை. கெணறு மூடறதுன்னா பாத்துப் பண்ணோணுங்க. மண்ணத் தள்ளிட்டு ஓரம் வரைக்கும் போகோணும், ஆனா செயினு ஓரத்துல ஏறிரக் கூடாது. கரை உள்வாங்குச்சுன்னா வண்டியும் ஆளும் உள்ள. அதனால அன்னிக்கு லோகு வேற வழியில்லாம கிட்ட நின்னான். கெணத்துக்கு இக்கட்ட, நான் தள்ளிப் போட்ட புது மண்ணு மேல ஏறி நின்னு கை காட்டிட்டு இருந்தான். காத்துன்னா காத்து, உங்களுக்குத்தான் தெரியுமே எங்க ஆடிக் காத்து, மண்ணு கண்ணுல அடிக்குது. கை விரிஞ்சிருந்துச்சு. வா வாங்கறான். நான் போறன்.

கை மடங்குச்சு. அதோட ஆளையும் காணல. புது மண்ணு சரிஞ்சு இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டான். தகடுக்கு நேரா. கையி மட்டும் மேல தெரியுது, மடக்குன கையி.

நான் என்ன பண்ணுவன்? பெடல மிதிச்சன். இத்தன வருசத்துப் பழக்கம், யோசிக்கறதுக்கு முன்னாலயே மிதிச்சுப்போட்டன். பெடலு கீழ போச்சு. சத்தம் எறங்கல. இன்னும் அழுத்துனன். தரையத் தொடற வரைக்கும் அழுத்துனன். எஞ்சின் அப்பிடியே, ஃபுல் ரேஸ்ல, மண்ண வாரிட்டுப் போய்க்கிட்டே இருக்குது. கடைசில கிளச்சுக் கைப்பிடிய ரெண்டு கைலயும் புடிச்சு இழுத்தன். வண்டி நின்னுச்சு. தகடுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு மம்புட்டி உடலாம், அவ்வளவுதான்.

நான் குதிச்சு எறங்குனன். எறங்கி நேரா சீட்டுக்கு அடில குனிஞ்சு பாத்தன். பாத்தா, பெடலுல இருந்து பம்புக்குப் போற ராடையே காணங்க! கழட்டி எடுத்துட்டாங்க. பெடலு சும்மா நிக்கோணும்னு ஒரு பழைய ஸ்பிரிங்க மாட்டி, கட்டுக் கம்பில கட்டி உட்டிருக்குது. மிதிச்சா போகும், உட்டா வரும். ஒண்ணுத்தோடயும் ஒட்டில்ல, உறவில்ல. கொழந்தைங்களுக்கு வெளையாட ஸ்டேரிங்கு வாங்கிக் குடுப்பாங்கல்ல, பீ பீன்னு, அதாட்டம். நான் அத்தன நாளும் அதைத்தான் மிதிச்சிட்டு இருந்திருக்கறன். திருப்பறப்ப மிதிச்சுஞ் சத்தம் கொறையலைன்னா, நம்ம வாசரு அப்பிடிக் கெட்டியா நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டன்.

"எவண்டா இதைக் கழட்டுனது?"ன்னு கத்துனன். லோகு மண்ணுக்குள்ள இருந்து, "மொதல்ல என்னத் தூக்குங்க மச்சா"ங்கறான். "எவன் கழட்டுனான்னு சொல்றா மொதல்ல!" காட்டுக்காரரு ஓடி வந்துதான் அவன இழுத்து வெளிய போட்டாரு.

இருமி, துப்பி, மொகமெல்லாம் மண்ணு, உக்காந்துட்டுச் சொல்றான். "நாந்தான் மச்சா. பாய் கழட்டிக் குடுத்தாரு. அக்காவுக்கும் தெரியும்."

"ஏண்டா?"

"உங்க காலு பெடலு மேலயே கெடக்குது மச்சா. உங்களுக்குத் தெரியறதில்ல. காலுல உணர்ச்சி இல்ல உங்களுக்கு."

எப்பிடிப் பேசறான் பாருங்க. எனக்குத் தெரியாதாமா. என்ற காலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதாமா! நான் கேட்டன், "அப்பிடியே வெச்சுக்குவம். அதை எங்கிட்டச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னடா கேடு?"ன்னு.

"சொன்னா எறங்கியிருப்பீங்களா?"ன்னான். "சீட்டை உட்டு எறக்குனா நீங்க செத்துருவீங்கன்னு அக்கா அழுதுச்சு மச்சா. கைலிவரு ஒண்ணுலயே ஓட்டிக்கட்டும், நான் தள்ளி நின்னு பாத்துக்கறன்னு நாந்தான் சொன்னன்."

ஊட்டுக்கு வந்து வசந்தாமணியக் கேட்டன். "நான் சொல்லலியா? முள்ளு எடுத்தப்பவே சொல்லலியா? செருப்பு நடுரோட்டுல கழண்டு கெடக்குது, நீங்க பாட்டுக்கு வெறுங்காலோட ஊடு வரைக்கும் வந்தப்பச் சொல்லலியா? பாய் உங்க காலப் புடிச்சுத் தூக்கி வெச்சுச் சொல்லலியா?"ன்னு அவ கத்தறா. அட, அது முள்ளப் பத்திச் சொன்னது. அது செருப்பப் பத்திச் சொன்னது. செருப்பு இப்பெல்லாம் எவன் தரமாச் செய்யறான்? வண்டியப் பத்தி ஆரு சொன்னது? ஒரு வார்த்தை? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க தம்பி.

எனக்கு எங்க வலிக்குதுன்னு கேளுங்க. லோகு சாகப் பாத்தான், அது வேற. அவனே தேடிக்கிட்டது. நான் அந்த வாசரு கதைய ஊரெல்லாம் சொன்னனல்ல? டீக்கடைல, கல்யாணத்துல, பஸ்ஸுல. பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னாங்களே. நான் சிரிக்கறப்பச் சேந்து சிரிச்சாங்களே. கோழிக் கொழம்பு ஊத்துனாளே. பொண்டாட்டி ஊத்துன கொழம்பக்கூட இப்ப நெனச்சா வயிறு எரியுதுங்க. அழுகையே வந்துருச்சு, சொல்றதுக்கென்ன. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பன். அடிச்சு எறக்கியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பன். பொம்மையக் குடுத்து உக்கார வெச்சுட்டாங்க.

அந்த ராடு எங்கயிருந்துச்சு தெரியுங்களா? ஊட்ல, அரிசி மூட்டைக்குப் பின்னால. அவதான் ஒளிச்சு வெச்சிருந்தா. நானே எடுத்து நானே மாட்டுனன். நல்லா டைட்டா மாட்டியிருக்கறன், பாத்துக்கங்க. இப்பப் பெடலு பொம்மையில்ல, மிதிச்சா எறங்கும். ஆனா என்ன ஏற உட மாட்டீங்கறாங்க. லோகுதான் ஓட்டறான். சாவிய இடுப்புலயே கட்டிக்கிட்டுத் திரியறான். கீழ நிக்கறதுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளு. நான் இங்க உக்காந்து வர்றவங்களுக்குப் பதில் சொல்லோணும். இன்னிக்கு டோக்கன் வேற. எங்கால டாக்டருகிட்ட நிரூபிக்கப் போறாங்களாமா.

தம்பி, ஒரு ஒதவி பண்றீங்களா?

நீங்க வெளியாளு. உங்களுக்கு என்னைத் தெரியாது, லோகுவயும் தெரியாது. எங்கிட்டப் பொய் சொல்லி உங்களுக்கு ஆகோணுங்கறது ஒண்ணுமில்ல. நான் ஏறி உக்கார்றன். வண்டி நகராது, பயப்படாதீங்க, கிளச்சப் போட மாட்டன். சும்மா ரேஸ் மட்டும் ஏத்தி உடறன். நீங்க இந்தப் பக்கம் நின்னு எங்காலப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. அவ்வளவுதான்.

சாவி எதுக்குங்க இந்த வண்டிக்கு? இந்த ஸ்குரு டிரைவரு போதும். ஸ்டார்ட்டர்ல இந்த ரெண்டு நட்டயும் தொட்டா... தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும்... ஆ! எடுத்துருச்சு. சத்தத்தக் கேட்டீங்களா? எஞ்சின்ல ஒரு குத்தஞ் சொல்ல முடியுமா?

கையக் குடுங்க, ஏறிக்கறன். ம். ஏறியாச்சு.

லிவரு ஃபுல். ஏறுச்சுங்களா? நிக்குதா? பாருங்க, எப்பிடி நிக்குது! காலை நான் தள்ளித்தான் வெச்சிருக்கறன். எனக்குத் தெரியாதா? சித்த இருங்க. அப்பிடியே பாத்துட்டே இருங்க. உங்க காடு செவப்பு மண்ணா, சுண்ணாம்புக் கல்லா? செவப்பா. அது நல்லா வெட்டும்.

ஆ. எறங்குது. கேக்குதுங்களா? கொர்ருன்னு எறங்குது பாருங்க. இதுதான், இதேதான்! இப்பச் சொல்லுங்க. எங்கால் எங்க இருக்குது?

அட, என்ற மொகத்த ஏன் பாக்கறீங்க? காலப் பாருங்க.

என்னுங் தம்பி, இதுல என்ன யோசனை? பெடலு மேல இருக்குதா, இல்லியா? இதுக்கு ஏன் மொகம் இப்பிடிப் போகுது? நானென்ன உங்கள அடிச்சுப்போடுவனா? மேல இல்லதான? சத்தத்துல கேக்கல, பக்கத்துல வந்து சொல்லுங்க. இல்லதானுங்க?

இல்லீங்கறீங்களா?

எங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. இல்ல. இல்லதான!

பாத்தீங்களா! நான் சொன்னனல்ல? வண்டிலதான் கோளாறு. மூணு பேருஞ் சேந்து எங்காலச் சாகடிச்சுப் போட்டாங்க, ஒரு வெளியாளு வந்து உண்மையச் சொல்ல வேண்டியிருக்குது. நீங்க நல்லாருப்பீங்க தம்பி. உங்க கொழந்த குட்டிங்க நல்லாருக்கோணும். இல்லீங்க, கண்ணுல புகை, வேறொண்ணுமில்ல.

லோகுகிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பாத்துக்கறன். வெடியால நேரமே வண்டிய நானே உங்க காட்டுக்குக் கொண்டாந்தர்றன். கீழ நிக்கறதுக்கு ஆளுக்கு என்ன பண்றதுன்னு வெசனப்படாதீங்க. உங்க வார்த்தைய இப்ப நம்புனனல்ல, உங்க கையவும் நம்பிக்கறன். நீங்களே முன்னால நின்னு கை காட்டுங்க, போதும்.